கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாத மீன் தொட்டியின் செடிகளுக்கு உரமிடுவது எப்படி: வரிசை, அளவு, வழக்கமான தவறுகள்

இலை மஞ்சளாகிறது, எந்த உரம் போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பி இரண்டு கேள்விகள் கேட்பேன். லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது? மீனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள்? பாதிப் பேருக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும், உர பாட்டிலைத் திறக்கவே வேண்டியிருக்காது.

காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) கூட இருக்காது. மீனும் பாக்டீரியாவும் மூச்சு விடுவதால் தொட்டியில் அது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அதைச் செலுத்தச் சிலிண்டர் வைத்தவர்கள் 20 முதல் 30 பிபிஎம் வரை கொடுக்கிறார்கள். கார்பன் குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். அந்தத் தொட்டிகளுக்கு எழுதிய உர அட்டவணையை நம் தொட்டியில் அப்படியே பின்பற்றுவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்திருப்பதை நம்பி எழுதியது.

1. கையில் இருக்க வேண்டியவை

லைட்டுக்கு ஒரு டைமர். நைட்ரேட் டெஸ்ட் கிட், முடிந்தால் ஜிஎச் (தண்ணீரின் கடினத்தன்மை) டெஸ்ட் கிட்டும். ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச். நீளமான இடுக்கி. தூள் உரம் கலக்கப் போகிறவர் என்றால் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு.

ஒரு நோட்டும் வேண்டும். என்றைக்கு என்ன போட்டோம் என்று எழுதாதவர்கள் மூன்று வாரம் கழித்து இலையைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். இலைகளை வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது.

2. தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர்?

எல்லாக் கணக்கும் லிட்டரில் ஓடுவதால் இதைத் தவறவிட்டால் பிறகு எல்லாமே தவறும். தொட்டியின் உள்பக்க நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். உயரத்தை மணலின் மேல்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

60 × 30 × 36 தொட்டியை 65 லிட்டர் தொட்டி என்பார்கள். மணல் 5 செ.மீ. போட்டு, மேலே 4 செ.மீ. விட்டால் தண்ணீரின் உயரம் 27. கணக்கு 48.6 லிட்டர் என்று வரும். பெரிய கல்லும் மரக்கட்டையும் இருந்தால் இன்னும் குறையும். பெயரளவு லிட்டரை நம்பி உரம் போட்டால், முதல் நாளிலிருந்தே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும்.

3. உரத்துக்கு முன் லைட்டை நிலைப்படுத்துங்கள்

செடி எவ்வளவு வேகத்தில் சத்தைக் கேட்கும் என்பதை லைட்தான் முடிவு செய்கிறது. தினமும் 6 அல்லது 7 மணி நேரம், டைமரில், ஒரே நேரத்துக்கு எரியட்டும். பத்து மணி நேரம் எரியவிட்டு, பாசி வந்ததும் நான்காகக் குறைத்து, மறுபடி எட்டாக்கும் தொட்டியில் எந்த உர அளவும் சரிப்படாது.

இப்படி ஒரு வாரம் ஓடட்டும். புதிய தொட்டி என்றால் செடி வேர் பிடித்து முதல் புது இலை விடும்வரை திரவ உரம் வேண்டாம். வேர் பிடிக்காத செடிக்குப் போடும் உரம் தண்ணீரிலேயே கிடக்கும்.

4. ஏற்கெனவே என்ன உள்ளே போகிறது?

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதியுங்கள். அதிலேயே நைட்ரேட் 20 பிபிஎம் இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் வேலை உங்களுக்கு இல்லை. ஜிஎச் 3 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினாலோ கால்சியமும் மக்னீசியமும் பற்றாது. ஜிஎச் உயர்த்தும் உப்பை ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் புதுத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். உப்பால் இயங்கும் மென்னீராக்கிக் கருவி வழியாக வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் போய் சோடியம் வந்திருக்கும். அதைத் தவிர்த்து, கருவிக்கு முன்னால் உள்ள குழாயில் பிடியுங்கள்.

நைட்ரேட் கிட்டில் ஒரு பொறி உண்டு. சில கிட் நைட்ரேட்டாகக் காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். நைட்ரஜனாக 1 பிபிஎம் என்றால் நைட்ரேட்டாக 4.4 பிபிஎம். 5 பிபிஎம்தான் காட்டுகிறது, குறைவாக இருக்கிறது என்று கூடுதலாக உரம் போட்டுவந்த ஒருவரின் தொட்டியில் உண்மையில் இருந்தது 22. கிட்டின் தாளைப் படியுங்கள். இரண்டாவது பாட்டிலை நன்றாகக் குலுக்கச் சொல்லியிருந்தால் நன்றாகவே குலுக்குங்கள். அடியில் படிந்த தூள் கலங்காவிட்டால் எண் குறைவாகத்தான் வரும்.

இனி மீன் தீனி. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். 45 சதவீதப் புரதமுள்ள தீனியை 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு அரை கிராம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வாரத்துக்கு 3.5 கிராம் தீனி, அதில் 0.25 கிராம் நைட்ரஜன். எல்லாம் நைட்ரேட்டாக மாறினால் வாரத்துக்கு 11 பிபிஎம். மீனின் உடம்பில் கொஞ்சம் தங்கும், பில்டர் கசடில் கொஞ்சம் போகும் என்பதால் அவ்வளவு வராது. அதில் பாதி வந்தாலும் மெதுவாக வளரும் செடிகளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தீனியிலிருந்தே வருகிறது. தீனி சரியாகக் கொடுக்காத சத்து சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம். அடுத்தது இரும்பு. ஆகவே மீன் நிறைந்த தொட்டிக்குப் பொட்டாசியமும் நுண்ணூட்டமும் (இரும்பு போல மிகச் சிறிதளவே தேவைப்படும் சத்துகள்) போதும். நான்கு சின்ன மீனும் நிறையச் செடியும் உள்ள தொட்டிக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். உங்கள் தொட்டி எந்தப் பக்கம் என்று இங்கேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. எந்தச் செடி எங்கிருந்து உண்கிறது?

கிரிப்ட், அமேசான் சுவார்ட், வாலிஸ்னேரியா போன்றவை வேர் வழியாக நிறைய எடுப்பவை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், ஹார்ன்வொர்ட், மிதக்கும் செடிகள் எல்லாம் தண்ணீரிலிருந்து எடுப்பவை. எந்தச் செடியும் ஒரு வழியை மட்டுமே நம்பியிருப்பதில்லை. என்றாலும் உரத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இந்தப் பிரிவு போதும்.

அனுபியாஸின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்து, பக்கத்தில் ரூட் டேப் (வேருக்கு அருகே புதைக்கும் உர மாத்திரை) வைத்து, அது அழுகியதும் உரத்தைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது. அந்தத் தண்டு வெளியே இருக்க வேண்டும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள்.

6. ரூட் டேப் புதைப்பது

சத்தில்லாத மணலோ சரளையோ போட்டவர்களுக்கு மட்டும் இந்தப் படி. அக்வா சாயில் (தொட்டிச் செடிக்கென்று விற்கும் சத்துள்ள மண்) போட்டிருந்தால் முதல் சில மாதங்களுக்கு அதுவே போதும்.

இடுக்கியில் மாத்திரையைப் பிடித்துச் சாய்வாக, தொட்டியின் அடிக் கண்ணாடி தட்டும்வரை செருகுங்கள். இடுக்கியை மெல்லத் திறந்து அதே சாய்வில் வெளியே எடுத்து, மேலே மணலைத் தள்ளி மூடுங்கள். செடியின் அடித்தண்டிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி வையுங்கள். வேர் தேடிப் போய் எடுத்துக்கொள்ளும். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி போதும். பெரிய சுவார்டுக்கு இருபுறமும் ஒவ்வொன்று, கிரிப்ட் கூட்டத்துக்கு நடுவில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

ஆழமாகப் புதைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலோட்டமாக வைத்தால் சத்து தண்ணீருக்குள் கசிந்து செடிக்குப் பதில் பாசிக்குப் போகும். கேப்ஸ்யூல் வடிவில் உள்ளவை உள்ளிருக்கும் காற்றால் மிதந்து மேலே வந்துவிடும், முதலில் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். பல மாத்திரைகளில் அம்மோனியம் இருக்கும். பிறகு ஒருநாள் அந்தச் செடியைப் பிடுங்கி மாற்றி நட்டால் அது தண்ணீரில் கலக்கும். அன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

7. திரவ உரம்: பாட்டிலா, தூளா?

கடை பாட்டில் வாங்குகிறவர்கள் லேபிளில் ஒன்றை மட்டும் பாருங்கள்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதில் இருக்கின்றனவா, இல்லையா? இல்லாதது மீன் நிறைந்த தொட்டிக்கு, இருப்பது மீன் குறைந்த தொட்டிக்கு. இந்த இரண்டையும் மாற்றி வாங்குவதுதான் வழக்கம். லேபிளில் உள்ள அளவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள்.

தூள் கலக்குகிறவர்கள் இரண்டு பாட்டில் வையுங்கள். ஒரே பாட்டிலில் எல்லாவற்றையும் கலந்தால் பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து கசடாக அடியில் படியும். செடிக்கு இரண்டுமே கிடைக்காது.

முதல் பாட்டில், பேரூட்டம்: 500 மி.லி. ஆர்.ஓ. தண்ணீரில் பொட்டாசியம் நைட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் சல்பேட் 10 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 2 கிராம். இதில் 10 மி.லி. எடுத்து 100 லிட்டரில் ஊற்றினால் நைட்ரேட் 3, பொட்டாசியம் 3, பாஸ்பேட் 0.3 பிபிஎம் கூடும். 50 லிட்டர் தொட்டிக்கு 5 மி.லி.

மீன் நிறைந்த தொட்டி என்றால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் விட்டுவிட்டு, பொட்டாசியம் சல்பேட் மட்டும் 20 கிராம் கலக்குங்கள். 10 மி.லி.க்கு 100 லிட்டரில் பொட்டாசியம் 1.8 பிபிஎம் கூடும். இந்த உப்பு கரைய நேரமெடுக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் குலுக்கி ஒரு இரவு விடுங்கள்.

இரண்டாம் பாட்டில், நுண்ணூட்டம்: இரும்பு 7 சதவீதம் உள்ள கீலேட் (சத்து கசடாகாமல் பிடித்து வைத்திருக்கும் சேர்மம்) கலவைத் தூள் என்றால் 500 மி.லி.க்கு 3.5 கிராம். 10 மி.லி. ஊற்றினால் 100 லிட்டரில் இரும்பு 0.05 பிபிஎம் கூடும். 10 சதவீதத் தூள் என்றால் 2.5 கிராம் போதும். இரும்பு எந்தக் கீலேட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஈடிடிஏ இரும்பு பிஎச் 6.5-ஐத் தாண்டினால் வேகமாகப் பிரிந்துவிடும், டிடிபிஏ சுமார் 7.5 வரை தாங்கும். காரத்தன்மையுள்ள தண்ணீரில் மலிவான ஈடிடிஏ உரத்தை மாதக்கணக்கில் ஊற்றி, செடிக்கு இரும்பே சேராமல் போனவர்கள் உண்டு.

ஸ்பூன் அளவை நம்பாதீர்கள். இந்தத் தூள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அடர்த்தி, ஒரே ஸ்பூனில் எடை வேறுவேறாக வரும். பாட்டில்களில் பெயரும் தேதியும் ஒட்டி வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். நுண்ணூட்ட பாட்டிலில் பூஞ்சை படரும், படர்ந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

வயலுக்குப் போடும் யூரியா, டிஏபி, 19:19:19 மூன்றும் தொட்டிப் பக்கமே வர வேண்டாம். அவற்றில் இருக்கும் யூரியாவும் அம்மோனியமும் தண்ணீரில் அம்மோனியா தரும். பிஎச் கூடக்கூட அது மீனைக் கொல்லும். ‘திரவ கார்பன்’ என்று விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. கிருமிநாசினி அது, உரப் பட்டியலில் அதைச் சேர்க்காதீர்கள். வாலிஸ்னேரியாவும் மாஸ் வகைச் செடிகளும் அதில் கரைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

8. வாரக் கணக்கு

தண்ணீர் மாற்றிய நாளில், மாற்றிய பிறகு, முதல் பாட்டில் ஒரு டோஸ். முன்னால் ஊற்றினால் பாதி சாக்கடைக்குப் போகும். இரண்டு நாள் கழித்து இரண்டாம் பாட்டில். அடுத்த தண்ணீர் மாற்றம்வரை வேறெதுவும் இல்லை. முதல் மூன்று வாரம் மேலே சொன்ன டோஸில் பாதி.

தண்ணீர் எவ்வளவு மாற்றுகிறீர்கள் என்பது உரத்தின் உச்ச அளவைத் தீர்மானிக்கிறது. செடி எதையுமே எடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், வார டோஸை மாற்றும் பங்கால் வகுத்தால் வருவதுதான் உச்சம். வாரம் 3 பிபிஎம் போட்டு 25 சதவீதம் மாற்றினால் 12-ஐத் தாண்டாது, 50 சதவீதம் மாற்றினால் 6. அதே 25 சதவீதத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவேன் என்றால் 24 வரை ஏறும். மீன் தருவது இதற்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் தினம் தினம் டெஸ்ட் செய்யும் பதற்றம் போய்விடும். நைட்ரேட் 5-க்கும் 20-க்கும் இடையில் நின்றால் கையை எடுத்துவிடுங்கள்.

நுண்ணூட்டத்தில் செம்பு இருக்கும். சொன்ன அளவில் இறாலுக்கு அதனால் கேடில்லை. கை தவறி பத்து மடங்கு ஊற்றிவிட்டால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மறுநாளும் பாதி.

9. மூன்று வாரம் கழித்து இலையைப் படியுங்கள்

பழைய இலையில் விழுந்த ஓட்டை ஆறாது. சரியான உரம் போட்டும் அந்த இலை அப்படியே இருக்கிறதே என்று கூடுதலாகப் போடாதீர்கள். பார்க்க வேண்டியது உரம் தொடங்கிய பிறகு விட்ட இலையை. அனுபியாஸ் ஒரு இலை விடவே சில வாரம் ஆகும், அதனால்தான் மூன்று வாரக் கெடு.

முதலில் சத்துக்குறைவு அல்லாதவற்றை ஒதுக்குங்கள். கடையிலிருந்து வந்த செடியின் இலைகள் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவையாக இருக்கும், அவை உதிர்ந்து புதியவை வரும். கிரிப்ட் இடம் மாறினாலே மொத்தமாகக் கரையும். வேரை விட்டுவையுங்கள், திரும்ப முளைக்கும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புடைப்புகள் அதன் வித்துப் பைகள். அதை நோய் என்று வெட்டி எறிந்தவர்களில் நானும் ஒருவன்.

இவை போக மீதியை இப்படிப் பிரியுங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகளையும் மக்னீசியத்தையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். ஆகவே இவற்றின் குறை முதலில் கீழ் இலையில் தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி நகர்த்த முடியாது, அந்தக் குறை கொழுந்தில் தெரியும்.

கீழ் இலை முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்து. கீழ் இலையில் ஊசித் துளைகள் விழுந்து சுற்றிலும் மஞ்சளானால் சாம்பல் சத்து (நத்தையோ மீனோ கடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு). நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளிறினால், அது கீழ் இலையில் என்றால் மக்னீசியம், கொழுந்தில் என்றால் இரும்பு. மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் 1 பிபிஎம் கூடும். கொழுந்து சுருண்டு முறுக்கிக்கொண்டால் ஜிஎச்-ஐச் சோதியுங்கள்.

எனக்கு மிக உதவிய சாட்சி மிதக்கும் செடி. அதற்குக் கார்பன் காற்றிலிருந்து கிடைக்கிறது, லைட்டும் தலைக்கு மேலேயே. ஆகவே அது வெளிறிச் சிறுத்தால் தண்ணீரில் சத்து இல்லை என்று நேரடியாகச் சொல்லலாம். அது பச்சைப் பசேலென்று இருக்க, அடியில் உள்ள செடி மட்டும் வாடினால் திரவ உரத்தைக் கூட்டிப் பயனில்லை. வேரையும் லைட்டையும் பாருங்கள், மிதப்பதே நிழலடிக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குச் சால்வினியா வையுங்கள். டக்வீட் வேண்டாம். உள்ளே வந்தால் அதை வெளியேற்ற முடியாது.

மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், டோஸில் கால் பங்குக்கு மிகாமல். பிறகு மறுபடி மூன்று வாரம்.

10. பாசி வந்தால்

உடனே உரத்தை முழுக்க நிறுத்துவதுதான் எல்லோரும் செய்வது. செடி பட்டினியில் இலையை உதிர்க்கும், அழுகும் இலை பாசிக்குத் தீனியாகும். முதலில் லைட்டை 5 மணி நேரமாக்குங்கள். தீனியைக் குறையுங்கள். பாசி பிடித்த பழைய இலைகளை வெட்டி எடுங்கள்.

புதிய தொட்டியில் வரும் பழுப்புப் படலம் சில வாரங்களில் தானே போகும், கையால் துடைத்தாலே போதும். அனுபியாஸ் இலையில் கெட்டியான பச்சைப் புள்ளிகள் வந்தால் லைட் அதிகம் அல்லது பாஸ்பேட் குறைவு. இங்கே உரத்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். லைட்டைக் குறைத்தும் புது இலையில் புள்ளி வந்தால் பாஸ்பேட்டை வாரம் 0.3-லிருந்து 0.5 பிபிஎம் ஆக்கிப் பாருங்கள்.

11. ஒரு வாரம் விட்டுப்போனால்

விட்டதை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இரட்டை டோஸ் வேண்டாம். இந்த வகைத் தொட்டி இரண்டு வாரம் உரமில்லாமல் சாதாரணமாகத் தாங்கும். வெளியூர் போகும்போது லைட்டை 5 மணி நேரமாக்கிவிட்டுப் போங்கள். தீனி போட வருகிறவரிடம் உர பாட்டிலைக் காட்டவே வேண்டாம், தினசரித் தீனியை மட்டும் சின்னப் பொட்டலங்களாக மடித்து, தேதி எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.